ஒரு காதில் இரண்டு பாட்டு

பத்து பன்னிரண்டு. இன்னும் சத்தம் வரவில்லை. காலையிலிருந்து நாலாவது தடவையாகக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாயிற்று. அது நிதானமாக எழுந்து, திரையில் ஒவ்வொரு படமாகக் கொண்டுவந்து வைத்து, நான் தயார் என்று நிற்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தேன், கை தன்பாட்டுக்குச் சுவரிலிருக்கிற சுவிட்சைத் தட்டியது, வாசலுக்கு மேலே சிவப்பு பல்பு எரியும், இனி யாரும் கதவைத் தொடமாட்டார்கள். எனக்குப் பின்னால் இரண்டு வட்டத் தட்டு வைத்த டிஜே பெட்டியோடு என் நாத்தனார் டெல்பின் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பி அவள் தோளைத் தொட்டு, "இப்பம் ஒரு பாட்டப் போட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டு மறுபடி திரைக்கு வந்தேன். அவள் போட்டிருப்பாள். ஒன்றும் வரவில்லை. இரண்டு ஸ்பீக்கரும் பந்தியில் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அருமைநாயகம் அண்ணாச்சி பதினொன்றுக்கு வருகிறார். சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறவர்களில் சொன்ன நேரத்துக்கு வருகிற ஒரே மனிதர் அவர்தான், அந்த நல்ல குணம் இன்றைக்குப் பார்த்து எனக்கு வேண்டாததாக இருக்கிறது. வந்து அரைமணி நேரம் டெல்பின் பாட்டோடு பாட்டு ஒட்டுவதைக் கேட்பார். பிடித்தால் சனிக்கிழமை அவருடைய தம்பி மகள் வரவேற்பில் டெல்பின்தான் டிஜே. தூத்துக்குடியில் ஒரு மண்டபத்து மேடையில் முப்பத்தேழு வயது பி.டி. டீச்சர் ஹெட்போன் மாட்டி நிற்பதை நான் இதுவரை பார்த்ததில்லை, பார்க்க வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை அவள் மறுபடி விசிலை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போவாள். ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்காது.

பிடிக்குமா பிடிக்காதா என்பதுகூட அப்புறம். அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது, அதுதான் முதலில். டெல்பினுக்கு இடது காது கேட்காது. ஒன்பது வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது, வீக்கம் வடிந்தபோது அந்தக் காதையும் கொண்டுபோய்விட்டது. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த மூன்றாம் நாள் என் மாமியார் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, ஏதோ நகைப்பெட்டிச் சாவியைக் கொடுக்கிற மாதிரி, "ஏ மேபல், அவகிட்ட எப்பமும் வலது பக்கமா நின்னு பேசு, வெளியில மூச்சு விடாத" என்றார்கள். அன்றிலிருந்து இருபத்தோரு வருஷம். கோயிலில் பெஞ்சின் இடது கோடியில் அவளை உட்காரவைப்போம், அப்போது எல்லா ஆளும் அவளுக்கு வலது பக்கம்தானே. ரோட்டில் நடந்தால் நான் வலது பக்கம், அவள் அண்ணன் முன்னால். ஆட்டோவில் ஏறும்போது எங்களுக்குள் வார்த்தையே இல்லாமல் யார் எங்கே என்று முடிந்துவிடும். மூன்று பேர் சேர்ந்து ஆடுகிற கோலாட்டம் அது, பார்க்கிறவர்களுக்கு ஆட்டம் என்றே தெரியாது. ஆனால் டிஜே வேலையில் அந்த ஆட்டம் செல்லாது. டிஜே என்பவன் ஒரு காதில் ஹெட்போனை வைத்து அடுத்து வரப்போகிற பாட்டைக் கேட்கிறான், மற்றக் காதால் மண்டபத்தில் ஓடுகிற பாட்டைக் கேட்கிறான், இரண்டு தாளமும் ஒன்றாகிற இடம் பார்த்து ஒன்றை உள்ளே விட்டு ஒன்றை வெளியே அனுப்புகிறான். இரண்டு காது வேண்டிய வேலை. ஒரு காதை வைத்துக்கொண்டு இவள் ஆசைப்பட்டிருக்கிறாளே என்று முதலில் எனக்கே ஆத்திரம் வந்தது, யார் மேல் என்று தெரியாத ஆத்திரம்.

டிஜே சாஃப்ட்வேரில் அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது, அமுக்கினால் இரண்டு பாட்டின் வேகத்தையும் அதுவே ஒன்றாக்கிவிடும், காதே வேண்டாம். புதுப் பாட்டுகளுக்கு அது சரி, அவற்றின் தாளமே கம்ப்யூட்டர் போட்டதுதான். பழைய பாட்டு அப்படியில்லை, அங்கே மனுஷன் உட்கார்ந்து தபேலா அடித்திருக்கிறான், சரணத்துக்கு வரும்போது சந்தோஷத்தில் ஒரு இழை வேகம் கூடும், பட்டனுக்கு அந்தச் சந்தோஷம் புரியாது, பாட்டு தடுக்கி விழும். கல்யாண வீட்டில் பழைய பாட்டு இல்லாமல் பெரியவர்கள் விடுவார்களா. அண்ணாச்சி போனிலேயே சொல்லிவிட்டார், "பட்டன அமுக்கி ஒட்டுத பயலுவ எங்கிட்ட அஞ்சு பேரு கெடக்கானுவ. எனக்குக் காதால ஒட்டுத ஆளு வேணும், டீச்சர்." டெல்பின் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அடுத்த நாள் மீன் மார்க்கெட்டில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. போனை ஒரு காதில் அமுக்கிக்கொண்டு மறுகாதால் சாளைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் ஐஸ் பெட்டி இறக்குகிற ஆள் அடித்தொண்டையில் கத்துகிறான், இவள் கீச்சென்று கத்துகிறாள், இரண்டு பேர் சொல்வதும் எனக்குத் தனித்தனியாக, சுத்தமாக, ஒரே காதில் கேட்கிறது. அங்கேயே நின்றுவிட்டேன். கனத்த குரலும் மெல்லிய குரலும் ஒரு காதுக்குள் இடித்துக்கொள்ளாது! அப்படியென்றால் ஓடுகிற பாட்டில் மெல்லிய சத்தத்தையெல்லாம் வெட்டி வெறும் அடிச்சத்தமாக்கி, வரப்போகிற பாட்டில் அடிச்சத்தத்தை வெட்டி வெறும் ஜால்ராவும் சலங்கையுமாக்கி, இரண்டையும் அவளுடைய வலது காதிலேயே போட்டால் என்ன? மண்டபத்துக்கு முழுப் பாட்டு போகட்டும், ஹெட்போனுக்கு மட்டும் இந்த வெட்டு. அந்த வெட்டு வேலை செய்ய டிஜே சாஃப்ட்வேருக்குத் தெரியாது, என் ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குத் தெரியும். அப்படியானால் இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் கட்டிப்போட வேண்டும். சாளைக்காரி, "ஏக்கா, வாங்குதியளா, வேடிக்க பாக்குதியளா?" என்றாள். ரெண்டு கிலோ வாங்கினேன், சந்தோஷத்தில் கணக்குத் தெரியவில்லை, மூன்று நாள் வீட்டில் சாளைக் குழம்புதான்.

கட்டிப்போடுவது லேசு என்று நினைத்தேன் பாருங்கள். இரண்டு சாஃப்ட்வேருக்கும் ஒரே சவுண்ட் கார்டு வேண்டும், ஒன்று பிடித்துக்கொண்டால் மற்றதைத் தொடவிடாது. நடுவில் நின்று இதன் சத்தத்தை அதற்குக் கடத்துகிற குட்டி புரோகிராம் ஒன்றைப் போட்டேன். அது ஓட கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கச் சொன்னது, ஏழு வருஷமாக நான் புதுப்பிக்காத கம்ப்யூட்டர். அதன் நெற்றியில் 'தொடாதே' என்று நானே காகிதம் ஒட்டியிருந்தேன். பிரித்து எடுத்தேன், பசை அங்கேயே நின்றுவிட்டது. புதுப்பித்தேன். செத்துப் போகவில்லை, அந்த மட்டுக்கும் சரி. ஆனால் இப்போது எங்கேயோ டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். சன்னமாக, ஊசி முனையில். முதலில் பிரமை என்று நினைத்தேன். இல்லை, கேட்கிறது. பெட்டிக்குள்ளிருக்கிற ஹார்ட் டிஸ்க்காக இருக்குமோ? சாகப்போகிற டிஸ்க் அப்படித்தான் டிக் டிக் என்று சொல்லிவிட்டுச் சாகும் என்று கேள்வி. கர்த்தாவே, உள்ளே பள்ளி ஆண்டுவிழாப் பாட்டு பதினாலு இருக்கிறது, அதில் ஒன்பது பிள்ளைகள் ஒன்பது சுதியில் பாடியதை நான் நாலு நாள் குனிந்து சரிசெய்திருக்கிறேன். ஆட்டோவில் கட்டிப் போகிற விளம்பரம் இருக்கிறது. மரண அறிவிப்பு இருக்கிறது. இந்த ஊரில் யார் செத்தாலும் 'ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று ஆட்டோவில் போவது என் குரல்தான், ஒருநாள் காய்கறிக் கடையில் நான் "தக்காளி எப்படி?" என்று கேட்டதும் பக்கத்தில் நின்றவர் திடுக்கிட்டு, "யாரும்மா போயிட்டா?" என்றார். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன், வைத்திருக்கிறேன்தானே, போன மாதம் எடுத்தது, ஆண்டுவிழாப் பாட்டு இந்த மாதம். டிக், டிக், டிக். சீராக இருக்கிறது. தாளம் பிசகாமல் ஒரு டிஸ்க் சாகுமா?

பத்து இருபத்தாறு. மீட்டரைப் பார்க்கலாம், பச்சைக் கோடு ஏறி இறங்கினால் சத்தம் உள்ளே வருகிறது என்று தெரிந்துவிடும். ஆனால் திரை முழுக்க சவுண்ட் கார்டின் செட்டிங்ஸ் பக்கத்தை விரித்து வைத்திருக்கிறேன், மீட்டர் அதற்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது. கிடக்கட்டும். மீட்டரைப் பார்த்து வேலை செய்கிறவர்களை எனக்கு ஆகாது. ஸ்பீக்கரில் வராத சத்தத்தைக் கண்ணால் பார்த்து என்ன செய்ய. என் காதுதான் எனக்கு மீட்டர், இருபது வருஷமாக அதை நம்பித்தான் தொழில் நடக்கிறது. ஒவ்வொரு வரியாக மேலிருந்து படிக்கிறேன். உள்வரவு ஒன்று இரண்டு, சரி. மூன்று நான்கு, சரி. நேற்றுக் கண்டுபிடித்த கோளாறு இன்னொன்று, ஒரு சாஃப்ட்வேர் சத்தத்தை ஒரு நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு துண்டாக நறுக்குகிறது, இன்னொன்று நாற்பத்தெட்டாயிரமாக நறுக்குகிறது, அதனால் பாட்டு கரகரத்தது. இரண்டையும் ஒரே எண்ணில் வைத்தேன். அதுவும் சரியாகத்தான் நிற்கிறது. எல்லாம் சரி. எல்லாம் சரியென்றால் ஏனம்மா வரவில்லை? எல்லாம் சரியாக இருந்தும் ஒன்று நடக்காமல் போவதைப் போல எரிச்சல் பிடித்த விஷயம் வேறு உண்டா. "வரல்லியே டெல்பின்" என்று சத்தமாகச் சொன்னேன். பதில் இல்லை. அவள் நான் சொன்னதைக் கேட்கவில்லை, அல்லது கேட்டும் பேசவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருக்கிறாள். தோள் குலுங்குகிறது.

அழுகிறாளா? டெல்பின் அழுது நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். மாமியார் போனபோது ஒன்று. பாளையங்கோட்டைக்காரர்கள் பெண் பார்க்க வந்துபோன அன்றைக்கு ஒன்று. அன்றைக்கு எல்லாம் ஏற்பாடாக இருந்தது, நாற்காலி போட்ட கணக்கு என்னுடையது, அவளை ஜன்னலோரம் இடது கோடியில் உட்காரவைத்து அத்தனை பேரையும் வலது பக்கம் வரிசையாக. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து ஜன்னல் பக்கமாகப் போய்விடுவார்கள் என்று யார் கண்டது. வெளியே முருங்கை மரத்தைப் பார்க்கிற சாக்கில் போய், குனிந்து, டெல்பினின் இடது காதில் ரகசியமாக ஏதோ கேட்டார்கள். டெல்பின் என்ன செய்வாள், ஒன்றும் கேட்காதபோது செய்வதையே செய்தாள், பளிச்சென்று சிரித்து நன்றாகத் தலையை ஆட்டினாள். அந்த அம்மா கேட்டது என்ன தெரியுமா, உன் வீட்டில் கட்டாயப்படுத்துகிறார்களா, உனக்கு இதில் விருப்பம் இல்லையா என்று. நல்ல மனுஷி, நல்லெண்ணத்தில் கேட்டிருக்கிறார்கள். காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்று சாயங்காலம் உண்மை தெரிந்ததும் டெல்பின் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள், நானும் சிரித்தேன், வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் அழ ஆரம்பித்தாள். சொல்லியிருக்கலாமே என்று அன்றைக்குக் கேட்டாள். "நேரா சொல்லியிருந்தா என்ன மைனி?" நான் அதற்கு என்ன பதில் சொன்னேன்? சொன்னால் ஊர் உன்னைச் செவிடி என்று கூப்பிடும் என்று சொன்னேன். அந்த வார்த்தையை அவளிடம் முதன்முதலில் சொன்ன ஆள் ஊர் இல்லை, நான்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. இப்போது திரும்பி அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. முதலில் சத்தம் வரட்டும், பிறகு திரும்புகிறேன்.

பத்து முப்பத்தொன்பது. வேர்த்துக் கொட்டுகிறது. ரெக்கார்டிங் அறையென்று பேர்தான், எங்கள் படுக்கையறையே இது. சுவர் முழுக்க இலவம்பஞ்சு மெத்தை, ஒரு பக்கம் பீரோவைத் திறந்துவைத்தால் என் சேலைகளெல்லாம் எதிரொலியைக் குடித்துவிடும், பட்டு அவ்வளவு குடிக்காது, காட்டன்தான் நன்றாகக் குடிக்கும். ஃபேன் வேறு ஓடவில்லை. ரெக்கார்டிங்கில் ஃபேன் ஓடக்கூடாது, அதன் உறுமல் மைக்கில் ஏறும். ஆரம்பத்தில் நான் மறந்து மறந்து போவேன், ஒருநாள் ஃபேன், ஒருநாள் ஸ்பீக்கர், ஸ்பீக்கர் திறந்திருந்தால் அதன் சத்தமே மைக்குக்குள் போய் ஊளையிடும். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், அவருக்கு எதுவும் ஒரே கையில் நடக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவரைக் குடைந்து எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் கொண்டுவந்துவிட்டார். அமுக்கினால் வாசலில் சிவப்பு பல்பு எரியும், ஃபேன் நிற்கும், ஸ்பீக்கர் ஊமையாகும். மறுபடி அமுக்கினால் எல்லாம் திரும்பி வரும். "இனி நீ மறக்கவே முடியாது பிள்ளே" என்றார், பெருமையாக. நல்ல மனுஷர். இந்த நேரம் கப்பலிலிருந்து கண்டெய்னரைத் தூக்கிக்கொண்டிருப்பார், மேலே கூண்டில் நல்ல கடல்காற்று. எனக்கு இங்கே கழுத்துப் பின்னால் ஓடை ஓடுகிறது.

டிக் டிக் இன்னும் இருக்கிறது. அதோடு இப்போது இன்னொன்று, டொக், டொக் என்று மழுங்கலாக. அதுவும் சன்னம்தான். இரண்டு கோளாறா? ஒன்று டிஸ்க், இன்னொன்று? கேட்கிறேன், கேட்காமல் இருக்க என் காதுக்குத் தெரியாது. டொக் முன்னால் போகிறது, டிக் பின்னால் ஓடுகிறது. இரண்டும் சேரவில்லை, நொண்டுகிறது. டிடொக், டிடொக், டிக்டொக். கிட்டே வருகிறது. விலகுகிறது. மறுபடி கிட்டே. எனக்கு ஏனோ பயம் போய் விளையாட்டாக இருக்கிறது, வா வா என்று மனசுக்குள் சொல்கிறேன், காலால் தட்டுகிறேன், டிஸ்க் சாகிற சத்தத்துக்கு ஒருத்தி தாளம் போடுவாளா, போடுகிறேன். வந்துவிட்டது. இரண்டும் ஒன்றாக விழுகிறது, அப்படியே பூட்டினாற்போல் நிற்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. என்ன சுகம். விளையாட்டு விழாவில் நூற்றிருபது பிள்ளைகளை வைத்து டெல்பின் டிரில் செய்யவைத்தபோது எனக்கு இதே சுகம். காகிதக் குஞ்சம், குச்சி, ரிப்பன் என்று மூன்று கூட்டம், மூன்று பாட்டு, ஒரு பாட்டு முடியாமலே அடுத்தது அதற்குள்ளிருந்து முளைத்தது, பிள்ளைகளுக்கு ஒரு காலடி தவறவில்லை. அந்தப் பாட்டை அவள் ஒட்டியது எங்கள் அடுப்படியில், இட்லி வேகிற நேரங்களில், பட்டன் அமுக்காமல், ஒவ்வொரு பாட்டையும் நூறு தடவை தனித்தனியாகக் கேட்டு மனப்பாடம் பண்ணி. அன்றைக்கு மைக் செட் போட்டவர்தான் அருமைநாயகம் அண்ணாச்சி. "இத ஒட்டுனது யாரு?" என்று கேட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார். இவளோ பிள்ளைகளோடு பிள்ளையாக வெயிலில் ஆடிக்கொண்டிருந்தாள், தொப்பி எங்கோ போய்விட்டது, முப்பத்தேழு வயதில் அப்படி ஒரு முகம் யாருக்கு இருக்கும். அந்த முகத்துக்காகத்தான் நான் இந்தப் பாடு படுகிறேன், வேறெதற்கும் இல்லை. மேடையில் நூறு பாட்டை மனப்பாடம் பண்ண முடியாது, கேட்டே ஆகவேண்டும். அவளுக்குக் கேட்கவேண்டும்.

பத்து ஐம்பத்து நாலு. முடிந்தது. என்னால் ஆகவில்லை. அண்ணாச்சி வந்ததும் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது, இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லவேண்டியதுதான், சனிக்கிழமைக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்வார், அதற்குப் பிறகு இன்னொரு நாள் என்பது வராது. டெல்பினிடம் என்ன சொல்வது? மன்னித்துக்கொள் என்று சொல்வேன், அவள் போகட்டும் மைனி என்பாள். கண்ணில் வேர்வையோ எதுவோ இறங்கி எரிகிறது. இனி என்ன ரெக்கார்டிங், காற்றாவது வரட்டும் என்று கையை நீட்டிச் சுவிட்சை அமுக்கினேன்.

அறை இடிந்து விழுந்தது என்றுதான் நினைத்தேன். தவிலும் எலெக்ட்ரானிக் டிரம்மும் ஒன்றாக, இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும், முழுச் சத்தத்தில். சேலைகள் பீரோவில் ஆடின. மேசையில் டம்ளர் நடந்தது. பழைய காலத்துக் கல்யாணப் பாட்டு ஒன்று, நாகசுரம் ஏறி ஏறிப் போகிறது, அதற்கு அடியில் போன மாதம் வந்த குத்துப்பாட்டின் அடி, இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலக் கைகோத்துக்கொண்டு வருகின்றன. நாகசுரக்காரர் சரணத்தில் லேசாக வேகம் கூட்டினார், டெல்பினின் விரல் வட்டத் தட்டின் ஓரத்தைப் பூப்போல ஒரு தள்ளு தள்ளியது, அடியும் கூடவே வேகம் கூட்டியது. நான் நாற்காலியோடு திரும்பிவிட்டேன். தோள் குலுங்குகிறதுதான். ஆடிக்கொண்டிருக்கிறாள்! வலது காதில் ஹெட்போனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, காலை மாற்றி மாற்றிப் போட்டு, நாற்பது நிமிஷமாக என் முதுகுக்குப் பின்னால் இதே வேலையாக இருந்திருக்கிறாள். ஸ்பீக்கரைச் சுவிட்சில் ஊமையாக்கியது என் கைதான், ஒரே காதும் ஹெட்போனுக்குள் இருந்த அவளுக்கு அது எப்படித் தெரியும். டிக் என்பது அவளுடைய அடுத்த பாட்டு, டொக் என்பது ஓடுகிற பாட்டு. ஹெட்போனிலிருந்து கசிந்ததைக் கேட்டுக்கொண்டுதான் நான் டிஸ்க்குக்குச் சாவு அறிவிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அவள் ஒட்டுவதைக் காதால் கேட்டு, காலால் தாளமும் போட்டுவிட்டு, அது என்னவென்று தெரியாமல் உட்கார்ந்திருந்த முட்டாளுக்கு ரெக்கார்டிஸ்ட் என்று பெயர். அவள் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் விரித்து, கேட்கிறதா என்று சைகை காட்டினேன். அவள் ஹெட்போனைக் கொஞ்சம் தூக்கினாள். "அப்பமே கட்டைவிரலக் காட்டுனேனே மைனி, நீங்க திரும்பவே இல்ல. ரெண்டும் கேக்கு. தனித்தனியா கேக்கு. ஒண்ணு தரையில நடக்கு, ஒண்ணு ஓட்டுமேல நடக்கு." சொல்லும்போது அவள் முகம் மைதானத்தில் பார்த்த அதே முகம். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை, எதுவாக இருந்தாலும் நிறைய.

கதவு திறந்தது. அருமைநாயகம் அண்ணாச்சி, வெள்ளைச் சட்டை, செருப்பை வெளியே கழற்றிவிட்டு, உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக. "பல்பு எரிஞ்சுச்சு, அதான் அணையட்டும்னு நின்னேன் தங்கச்சி." உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டார். நாகசுரப் பாட்டு விலகி, குத்துப்பாட்டு முழுதாக உள்ளே வந்து, அதற்குள்ளிருந்து ஒரு பழைய டூயட் எட்டிப் பார்த்தது. அவர் விரல் தொடையில் தட்டியது, நின்றது, மறுபடி தட்டியது. "இது பட்டன் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என் கால் இருபத்தோரு வருஷப் பழக்கத்தில் தானாக நகர்ந்து டெல்பினின் இடது பக்கத்தை அடைத்து நிற்கப் போனது, ஆனால் அறை சின்னது, அவர் எனக்கு முன்னால் அங்கே போய் நின்றுவிட்டார். அவளுடைய இடது பக்கம். குனிந்து, "டீச்சர், சனிக்கிழம எத்தன மணிக்கு வருவீங்க?" என்றார்.

டெல்பின் பாட்டைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவர் இன்னொரு தடவை கேட்டார். நான் வாயைத் திறந்தேன், ஆறு மணிக்கு வந்துவிடுவாள் அண்ணாச்சி என்று அவளுக்காகச் சொல்லிவிட, இதுவரை எத்தனையோ தடவை சொன்ன மாதிரி. டெல்பின் என் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் ஆள் நிற்பது தெரிந்து திரும்பினாள். ஹெட்போனை எடுத்தாள்.

"என்ன அண்ணாச்சி கேட்டீங்க? எனக்கு இடது காது கேக்காது, ஒம்பது வயசிலேர்ந்து. இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க." காப்பிக்குச் சீனி போதும் என்று சொல்கிற குரல். சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தவள், "இல்ல, இருங்க, இந்தப் பாட்டு முடியப் போவுது" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

அவ்வளவுதான். அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கக்கூட அவளுக்கு நேரம் இல்லை, அடுத்த பாட்டு வாசலில் நிற்கிறது. பார்க்கிற வேலை எனக்கு வந்தது. பார்த்தேன். அண்ணாச்சி அவளைப் பார்த்தார், ஹெட்போன் வயர் போகிற வழியே வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்பம் ரெண்டு பாட்டையும் ஒரே காதுலயா ஒட்டுதாங்க?"

"ஆமா அண்ணாச்சி."

"எப்படி தங்கச்சி?"

"ஒண்ணுல கனத்த எடுத்துட்டேன். ஒண்ணுல மெல்லிச எடுத்துட்டேன். அதனால இடிச்சுக்கிடாது."

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து யாரையோ கூப்பிட்டு, பாட்டுக்கு மேலே கத்தினார். "ஏல, நான்தாம்ல. சனிக்கிழம டிஜே மேசைய நடுவுல போடாத. ஓரத்துல போடு, ஆளு வந்தா அவங்களுக்கு வலது பக்கந்தான் வரணும். ஆமால, ஆளு முடிவாயாச்சு. நம்ம டீச்சர்தான்."

டெல்பினுக்கு இது எதுவும் கேட்கவில்லை. அவள் திரும்பவும் இல்லை. டூயட்டின் பல்லவி முடிகிற இடம், அடுத்த பாட்டு சரியாக வந்து விழுந்தது, அவள் இடது கையை உயரத் தூக்கி விரலை ஆட்டினாள்.

"மைனி, சத்தத்தக் கூட்டுங்க!"

கூட்டினேன்.